ஒரு வார்த்தைக்கு மேல் பேசக்கூடாது

ரோட் ரேஷ் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய விளையாட்டு. நான் கல்லூரியில் படித்தபோதே அது பழையதாகிவிட்டது. பைக்கில் போக வேண்டும், பக்கத்தில் வருபவனை உதைக்க வேண்டும், சங்கிலி கிடைத்தால் அதால் அடிக்க வேண்டும். படம் மோசம். வளைவுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரே ஒரு விஷயம் அதில் சரியாக இருக்கிறது. சாலையைக் கடக்கும் ஆளை இடித்தால் அவர் விழுவார். நாம் போய்க்கொண்டே இருப்போம். திரும்பி வந்து பார்க்க வழி வைக்கவில்லை.

வைஸ் சிட்டி என்று இன்னொரு விளையாட்டு, அதை எல்லோரும் புகழ்கிறார்கள். ஊர் பெரியது, எந்த வண்டியையும் பிடுங்கி ஓட்டலாம் என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆள்மேல் காரை ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வருகிறது. ஒருவர் இறங்கிக் குனிந்து மார்பில் ஏதோ செய்கிறார். செத்தவர் எழுந்து நடந்து போகிறார். அப்படி நடக்காது. என் மனைவி பூர்ணிமாவுக்கு ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. வந்தவர்கள் குனியவே இல்லை.

இரண்டையும் எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவன் சின்னக்கண்ணு. பூர்ணிமாமேல் பஸ்ஸை ஏற்றியவனும் அவன்தான். அவனைக் கொல்வதற்காகத்தான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அது 2005 மார்ச். பூர்ணிமா காலாப்பட்டில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் ஸ்கூட்டியில் சாரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவாள். அன்றைக்கு வழியில் பிள்ளைச்சாவடியில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பிரைவேட் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. பின்னால் வந்தது இடது பக்கம் இறங்கி முந்தியது. மீன் விற்ற ஆதிலட்சுமி பின்பக்கமாக விழுந்து தப்பித்தார். பூர்ணிமா ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் என்னிடம் அவள் செருப்பு ஒன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் கொடுத்தார்கள். பையில் அரைக் கிலோ சங்கரா மீன். ஒன்றுகூட நசுங்கவில்லை.

டிரைவருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆறு மாதத்தில் அதே ரூட்டில் வேறு பஸ் ஓட்டினான். கேஸ் நடந்தது. புகார் கொடுத்தது பூர்ணிமாவின் தம்பி விஜய். நான் கோர்ட்டுப் பக்கம் போகவில்லை. எங்கேயும் போகவில்லை. விஜய் மட்டும் எல்லா வாய்தாவுக்கும் போனான். ஒருமுறை கோர்ட் வாசலில் அந்த டிரைவரை அறைந்துவிட்டான்.

விஜய் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். 2007 ஜனவரியில் ஒரு நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"அவனுக்கு ஒரு நாள் வண்டி, ஒரு நாள் லீவு. லீவுன்னா நெல்லித்தோப்புல ஒரு பிரவுசிங் சென்டர்ல போய் குந்திக்கிறான் மாமா. பதினோரு மணிக்குப் போனா ரெண்டு மணிக்குத்தான் வெளிய வரான். கேம் ஆடறான். எங்கக்காவ ஏத்திக் கொன்னுட்டு கேம் ஆடறான்."

"நான் என்ன செய்யணும்?"

"என் மூஞ்சி அவனுக்குத் தெரியும். உங்களத் தெரியாது. போய் பழகுங்க, ஒரு வாரம். சென்டருக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு, வாய்க்காலோரம். மத்தியானத்துல ஒரு ஈ காக்கா இருக்காது. அங்க கூட்டினு வாங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

சரி என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடத்தில் என்னிடம் யாராவது வந்து இன்ன வேலையைச் செய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த சென்டரில் ஒன்பது கம்ப்யூட்டர். உரிமையாளர் வேம்பு முன்பு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். முதல் நாள் சின்னக்கண்ணு மூன்றாம் நம்பரில் இருந்தான். நான் நான்கில் உட்கார்ந்து ஐ.ஜி.ஐ. திறந்தேன். தனியாக ஆடும் துப்பாக்கி விளையாட்டு. அதில் பாதியில் சேமிக்க முடியாது. ஐம்பது பேரைச் சுட்டுவிட்டுக் கடைசி ஆளிடம் செத்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோரும் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். எனக்கு அப்போது எல்லாமே ஒவ்வொரு காலையிலும் முதலிலிருந்துதான் தொடங்கியது.

நாலு முறை செத்த பிறகு பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அந்த கேமராவ மொதல்ல சுடு சார். அதான் மணி அடிக்க வெக்குது."

சுட்டேன். மணி அடிக்கவில்லை.

"படிச்சவரா இருக்கீங்க. என்னமோ வேலை செய்யச் சொல்லி இங்கிலீஷ்ல எழுதியிருக்கான் பாரு, அது என்னான்னு சொல்லு. நான் வழி சொல்றேன்."

நான் படித்துச் சொன்னேன். அவன் வழி சொன்னான். அன்று இரண்டு மணிக்குள் நான் அவனுக்கு 'வாத்தியாரே' ஆகிவிட்டேன். முப்பது வயது, பெரிய உடம்பு. திரையில் கார் ஓட்டும்போது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். அங்கே பிரேக் கிடையாது என்பது அவன் காலுக்குத் தெரியாது.

கார் பந்தய விளையாட்டு எதுவும் அவனுக்குப் பிடிக்காது. "இதெல்லாம் ரோடா? எதிர்ல ஒரு மாடு வருதா? ஒரு சைக்கிள்காரன் வரானா? இதுல யாரு வேணா ஓட்டுவான்" என்பான். அவன் சொன்னது சரிதான். அந்தப் பந்தயங்களில் காலியான ரோடுதான் பெரிய பொய்.

அவனுக்குப் பிடித்தது கவுன்டர் ஸ்ட்ரைக். எனக்கும் பிடித்தது. நான்கு பேர் ஒரு பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். ஒரு ரவுண்டில் ஒரு உயிர்தான். செத்தவன் ரவுண்டு முடியும் வரை மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். செத்தவன் தட்டச்சு செய்தால் அது செத்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த விளையாட்டை உருவாக்கியவன் எதையோ அறிந்தவன்.

ஆனால் அந்த சென்டரில் அந்த விளையாட்டுக்குச் சத்தம் கிடையாது. அதற்குக் காரணம் அஞ்சலாட்சி அம்மா. அவருடைய வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். மகள் பிரான்சில். தினமும் பன்னிரண்டு மணிக்கு முதல் நம்பரில் உட்கார்ந்து மகளைத் திரையில் பார்த்துப் பேசுவார். ஒரு நாள் எழுந்து வந்து வேம்புவிடம், "எம்பொண்ணுகிட்ட பேசுனா பின்னாடி சண்டை நடக்கற மாதிரி இருக்குதாம். ஏம்மா, அங்க எதனா கலாட்டாவான்னு கேக்குறா" என்றார். வேம்பு எல்லா ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டார். கத்தவும் கூடாது என்றார். "ஒரு வார்த்தைக்கு மேல எவன் பேசினாலும் சிஸ்டத்த ஆஃப் பண்ணிடுவேன் தம்பிகளா."

கவுன்டர் ஸ்ட்ரைக்கில் காலடிச் சத்தம்தான் உயிர். அது கேட்காவிட்டால் முதுகுக்குப் பின்னால் வருபவன் தெரியமாட்டான். அதனால் பக்கத்தில் இருப்பவன் சொல்ல வேண்டும். மேல. கதவு. பொட்டி. பின்னாடி. நான் அவனுக்குப் பின்னால் நடந்து அவன் முதுகைப் பார்ப்பேன். அவன் எனக்கு முன்னால் போவான். நான் "பின்னாடி" என்றால் அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். குந்தி, இடது பக்கம் நகர்ந்துவிடுவான். சுட்டவனின் குண்டு தலைக்குமேல் போய்ச் சுவரில் படும்.

"எப்படித் திரும்பாம இருக்க?" என்று கேட்டேன்.

"திரும்பிப் பாக்கற நேரத்துலதான் சாவறானுங்க எல்லாம். சொல்ற வாய நம்பணும் வாத்தியாரே."

ஒரு வாரம் ஒரு மாதமானது. பிறகு நான்கு மாதம். விஜய் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்திருந்தான். முழங்கை நீளம். பழைய பனியனில் சுற்றி வைத்திருந்தான். பஸ் டயர் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வெட்டிக் காட்டினான். கம்பி வரை இறங்கியது.

"இது தயார். நான் தயார். நீங்க வேவு பாக்கப் போறீங்களா, வெளாடப் போறீங்களா மாமா?"

"வேவுதான்."

"நேத்து அவன்கூட டீக்கடையில சிரிச்சினு நின்னீங்களாமே."

"அவன்தான் சிரிச்சான்."

"நீங்க?"

நான் டீ குடித்தேன் என்றேன். விஜய் கத்தியை மறுபடி சுற்றினான். அவனுக்கு இருபத்து நான்கு வயது. போன ஆவணியில்தான் கல்யாணம். மனைவி மாலாவுக்கு ஏழாம் மாதம். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதையோ கேட்டது போலவும் கேட்காதது போலவும் இருந்தாள்.

மே மாதம் ஒரு நாள் ரவுண்டு தொடங்கியதுமே நாங்கள் இருவரும் செத்துவிட்டோம். மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அஞ்சலாட்சி அம்மா அன்றைக்கு வரவில்லை. வேம்பு சாப்பிடப் போயிருந்தார்.

"நீ வண்டி ஓட்டுவியா வாத்தியாரே?"

"இல்ல."

"ஓட்டாத. பஸ்ல டிரைவருக்கு முன்னாடி மட்டும்தான் கண்ணு. லெஃப்ட்டு, பின்னாடி எல்லாம் கண்டக்டர் வாய்தான். அவன் போன்னா போவணும். திரும்பிப் பாத்துனு இருந்தா பின்னாடி வரவன் நம்ம டைம எடுத்துடுவான்."

"தப்பாச் சொன்னா?"

"சொன்னான். ஒரு தடவ." அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிள்ளைச்சாவடில. லெஃப்ட்ல இடம் இருக்கு, போ போன்னான். போனேன். ஒரு பொண்ணு மீன் வாங்கினு இருந்துது."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. ஆள் மேல ஏறுனா டிரைவருக்குத் தெரியும் வாத்தியாரே. பள்ளத்துல எறங்குற மாதிரி இருக்காது. வேற மாதிரி இருக்கும். காலுல தெரியும். இன்னும் தெரியுது."

ரவுண்டு முடிந்தது. "வா, வா, அடுத்தது" என்றான்.

அந்த ரவுண்டில் நான் அவனைப் பின்னாலிருந்து தலையில் சுட்டேன். கூட்டாளியைச் சுட்டாலும் சாகும்படிதான் வேம்பு வைத்திருந்தார்.

"யோவ், நான் உன் ஆளுய்யா" என்று சிரித்தான்.

"கை தவறிடுச்சு."

அடுத்த ரவுண்டிலும் சுட்டேன். அதற்கடுத்ததிலும். அவன் விழுந்தான், எழுந்தான், விழுந்தான். எனக்கு எதுவும் தோன்றவில்லை. இந்த விளையாட்டின் குறை அதுதான். எத்தனை முறை கொன்றாலும் அடுத்த ரவுண்டில் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள்.

அன்று சாயங்காலம் விஜய்க்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை என்றேன். இன்னொன்றும் சொன்னேன். "செருப்ப கழட்டிட்டு வா. அவன் காலடியக் கேப்பான்."

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு சந்துக்குள் நுழைந்தோம். பின்பக்கம் புது பிரியாணிக் கடை ஒன்று திறந்திருப்பதாகச் சொல்லியிருந்தேன். வலது பக்கம் நீளமான சுவர், இடது பக்கம் மூடாத வாய்க்கால். விஜய் சொல்லியிருந்தபடி நான் சுவரோரம் நடந்தேன். சின்னக்கண்ணு எனக்கு இடது பக்கம், அரையடி முன்னால். வெயில் எதிரில் இருந்தது. பின்னால் வருபவனின் நிழல் முன்னால் விழாது. அதையும் யோசித்திருந்தோம்.

"பிரியாணி நல்லாருந்தா நாளைக்கு வண்டில எல்லாருக்கும் சொல்லிடறேன். இல்லன்னா உன் மானம் போயிடும் வாத்தியாரே."

உடைந்த மோட்டார் அறையின் பின்னாலிருந்து விஜய் வந்தான். வெறுங்கால். கத்தியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். சத்தமே இல்லை. நான் கடைக்கண்ணால் பார்த்தேன். எனக்கு முன்னால் சின்னக்கண்ணுவின் முதுகு இருந்தது. வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. நான்கு மாதம் நான் பார்த்த முதுகு. விஜய் கத்தியைத் தூக்கினான்.

"பின்னாடி" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. அவனும் யோசிக்கவில்லை. குந்தி இடது பக்கம் நகர்ந்தான். கழுத்துக்கு வந்த கத்தி வலது காதைச் சீவிக்கொண்டு தோளில் இறங்கி எலும்பில் மாட்டியது. மரத்தில் கோடரி மாட்டுவது போன்ற சத்தம். அவன் ஒரு கால் வாய்க்காலுக்குள் போய்விட்டது. விஜய் கத்தியை இழுத்தான். வரவில்லை. காலால் அவன் முதுகை உதைத்து இழுத்தான். சதையோடு வந்தது. அதற்குள் சின்னக்கண்ணு இடது கையால் விஜயின் கணுக்காலைப் பிடித்து வாய்க்காலுக்குள் இழுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நின்று பார்த்தேன். செத்தவன் பார்ப்பது போல.

கத்தி சாக்கடைக்குள் போயிற்று. சின்னக்கண்ணு விஜயின் தலைமுடியைப் பிடித்து முகத்தை வாய்க்கால் கல்லின் விளிம்பில் இடித்தான். ஒரு கைதான் அவனுக்கு வேலை செய்தது. ஆனால் பஸ் ஸ்டியரிங் பிடித்த கை. முதல் இடியில் பல் தெறித்தது. இரண்டாவதில் தாடை ஒரு பக்கமாகப் போயிற்று. மூன்றாவது விளிம்பில் இல்லை, மூலையில் பட்டது. விஜயின் இடது கண் அதில்தான் போனது. அவன் கத்தவில்லை. வாயில் ரத்தமும் சாக்கடையும் இருந்தன. சின்னக்கண்ணு அவன் தலையை விட்டுவிட்டு, கரையில் கிடந்த ஒரு உடைந்த ஸ்லாப் துண்டைத் தூக்கினான். தலைக்குமேல் கொண்டுபோனான்.

"போதும்" என்றேன்.

அவன் நிறுத்திவிட்டான். திரும்பிப் பார்க்காமல்தான் நிறுத்தினான். கல்லைப் பக்கத்தில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினான். விஜயின் முகத்தைப் புரட்டிப் பார்த்தான்.

"இவன் கோர்ட்டுக்கு வரவன். அந்தப் பொண்ணோட தம்பி." பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். பாதி காது கழுத்தில் தொங்கியது. "இந்த வழியா நீதான கூட்டினு வந்த. நீ யாரு?"

"மீன் வாங்கினு இருந்த பொண்ணோட வீட்டுக்காரன்."

அவன் தோளிலிருந்து ரத்தம் கைவழியாக இறங்கி விரல் நுனியில் சொட்டியது. திட்டுவான் என்று நினைத்தேன். கல்லைத் திரும்ப எடுப்பான் என்றும் நினைத்தேன். எடுத்திருந்தால் நகர்ந்திருக்கமாட்டேன்.

"அப்ப ஏன் சொன்ன?"

நான் வாய்க்காலில் இறங்கி விஜயின் தலையைத் தூக்கிப் பிடித்தேன். அவன் கரையேறிச் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்துவிட்டான். வேம்புவும் டீக்கடைக்காரர்களும் ஓடி வந்தபோது நான் விஜயின் வாயில் விரல் விட்டுச் சாக்கடை மண்ணை எடுத்துக்கொண்டிருந்தேன்.

சின்னக்கண்ணு போலீசில் சொன்னது இதுதான்: "கூட வந்தவரு குரல் குடுத்தாரு. அதனாலதான் உசுரோட இருக்கேன்." நான் யார் என்று அவன் சொல்லவில்லை. விஜயும் என் பெயரைச் சொல்லவில்லை. நானே இன்ஸ்பெக்டரிடம் போய், "கூட்டிக்கொண்டு போனது நான்தான் சார், திட்டம் போட்டது இரண்டு பேரும்" என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. "கொல்லக் கூட்டினு போனவன் எதுக்குய்யா சத்தம் குடுக்கறான்? பொண்டாட்டி செத்ததுல உங்களுக்கு மனசு சரியில்ல. வீட்டுக்குப் போங்க" என்றார்.

ஆக, ஒரு கேஸ் கட்டில் நான் செத்தவளின் கணவன். இன்னொன்றில் கொலையைத் தடுத்த சாட்சி.

இரண்டு மாதம் கழித்துக் காலாப்பட்டு ஜெயிலுக்கு விஜயைப் பார்க்கப் போனேன். அதுவரை அவன் என்னைப் பார்க்க மறுத்துக்கொண்டிருந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். இடது கண் தைக்கப்பட்டிருந்தது. தாடை கோணலாக ஒட்டியிருந்ததால் வார்த்தைகள் குழறின.

"மாலா?"

"அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க."

"அவன்?"

"வலது கையத் தூக்க வரல. இனிமே வண்டி ஓட்ட முடியாதாம்."

"அது போதுமா மாமா உங்களுக்கு?"

வார்டன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உள்ள படுத்துனு நீங்க ஏன் குரல் குடுத்தீங்கன்னுதான் யோசிக்கறேன்" என்றான் விஜய். "என்மேல கோவமா, அவன்மேல பாவமான்னு. ரெண்டும் இல்லன்னு தெரியுது. சும்மா வாய்ல வந்துட்சி. இல்ல?"

"ஆமா."

"அவனுக்குச் சொல்ல நீங்க இருந்தீங்க. எங்கக்காவுக்கு ஒருத்தரும் சொல்லல மாமா."

அவன் திரும்பிப் போய்விட்டான். நேரம் இன்னும் இருந்தது.

வெளியே வந்து டவுனுக்குப் போகும் பிரைவேட் பஸ்ஸில் ஏறினேன். கடைசி வரிசைக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பிள்ளைச்சாவடி நெருங்கும்போது எங்களுக்கு முன்னால் இன்னொரு பஸ் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டில் தொங்கிய கண்டக்டர் எட்டிப் பார்த்து, "லெஃப்ட்ல வா, லெஃப்ட்ல வா, போ போ" என்று கத்தினான். பஸ் சாய்ந்து ரோட்டை விட்டு இறங்கியது. ஓரத்தில் மீன் கூடைகள். ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து எதையோ தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி" என்றேன்.

பெரிதாகச் சொல்லவில்லை. ஜன்னலைத் தாண்டிப் போயிருக்காது. பஸ் அவளிடமிருந்து ஒரு முழம் தள்ளிக் கடந்தது. அவள் புடவைத் தலைப்பு காற்றில் தூக்கி விழுந்தது. அவள் நிமிரக்கூட இல்லை.

என் பக்கத்தில் இருந்தவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். பின்னால் கடைசி சீட்டுதான் இருந்தது. அதில் யாரும் இல்லை.